டிஜிட்டல் அருங்காட்சியகம் - தீயும் திருட்டும் தொடாத நகல்

அருங்காட்சியகம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூடச் சுற்றுலா தான். வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், "தொடாதீர்கள்" என்ற பலகை, வெளியே வந்ததும் புளியோதரைப் பொட்டலம்..!

இன்று எழும்பூரில் இருக்கும் சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ல் தொடங்கியது. சுமார் 1,100 கல், கனிம மாதிரிகள் தான் அதன் முதல் சொத்து. எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் முதல் பொறுப்பாளர். அன்றிலிருந்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேல் ஒரே முறை தான்: பொருளைக் கொண்டு வா, பெட்டியில் வை, பக்கத்தில் பெயர் எழுது. அந்த முறையோடு இப்போது கணினியும் சேர்ந்துகொண்டது. இது வெறும் அலங்காரமா, அவசியமா? பார்ப்போம்.

வெம்பக்கோட்டைக் காளை

வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டை பக்கத்து விஜயகரிசல்குளத்தில் தமிழக தொல்லியல் துறை 2022 மார்ச்சில் தோண்ட ஆரம்பித்தது. சங்கு வளையல்கள், சுடுமண் பொம்மைகள், கண்ணாடி மணிகள், தங்க அணிகலன் எனப் பலவும் கிடைத்தன. மூன்றாம் கட்ட அகழாய்வில் திமிலுள்ள காளை செதுக்கிய சூது பவளக் கல் ஒன்று கிடைத்தது. அவ்வளவு சின்னக் கல்லைப் பெட்டிக்குள் வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்குக் காளை தெரியுமா? சிவப்பாக ஏதோ ஒன்று தெரியும், அவ்வளவு தான்.

இங்கே தான் முப்பரிமாணப் படம் உதவுகிறது. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தில் உள்ள பகுதி அடுத்த படத்திலும் கொஞ்சம் வர வேண்டும். மென்பொருள் அந்தப் பொதுவான புள்ளிகளை ஒப்பிட்டு உருவத்தைக் கட்டிவிடும். பிறகு அந்தக் காளையைத் திரையில் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கலாம், திருப்பிப் பார்க்கலாம். கல்லுக்குக் கீறல் விழாது.

கீழடி முகங்கள்

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச் 5ல் திறக்கப்பட்டது. செட்டிநாட்டுப் பாணிக் கட்டடம், உள்ளே தொடுதிரைகளும் ஒலி-ஒளிக் காட்சிகளும். செலவு 18 கோடி ரூபாய்க்கு மேல்.

அதைவிட ஆச்சரியமான விஷயம் 2025ல் வந்தது. கீழடியை அடுத்த கொந்தகை இடுகாட்டில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் கணினியில் இரு ஆண்களின் முகங்களை உருவாக்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இந்த வேலையில் பங்கெடுத்தது. ஓடுகளில் கீழ்த்தாடை இல்லை. அதைக் கணக்குப் போட்டுத் தான் சேர்த்தார்கள். ஆகவே அந்த முகம் புகைப்படம் அல்ல, ஆதாரத்தோடு கூடிய ஊகம். இதைப் படத்தின் கீழேயே எழுதி வைப்பது அருங்காட்சியகத்தின் கடமை. இல்லாவிட்டால் ஊகம் வரலாறாகிவிடும்!

தீ

பட்டாசுப் பூமியில் இருப்பவர்களுக்குத் தீயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2016ல் டெல்லி தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018ல் பிரேசில் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. அங்கே சில எகிப்திய மம்மிகளை முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்திருந்ததால், உடல் போனாலும் முப்பரிமாண உருவமாவது மிஞ்சியது.

1981 ஜூனில் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 2005ல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்த்து வருகிறது. ஆனால் எரிந்துபோன ஒற்றைப் பிரதிகளை எந்தக் கணினியாலும் திருப்பித் தர முடியாது. நகல் எடுக்க வேண்டிய நேரம் தீக்கு முன்னால் தான்.

திருட்டு

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தன் கோயில் நடராஜர் திருடுபோய், 2008ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் தான் அவர் நம் ஊர்க்காரர் என்று சாட்சி சொன்னது! 2014ல் சிலை இந்தியா திரும்பியது. ஒரு சாதாரணப் படமே இவ்வளவு செய்யும் என்றால், ஒவ்வொரு கோயில் சிலைக்கும் முப்பரிமாணப் பதிவு இருந்தால்?

அச்சங்குளத்தின் கதை

அருங்காட்சியகம் என்றால் இரண்டாயிரம் வருடப் பழமை மட்டும் தான் என்று நினைக்கக் கூடாது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து வளர்ந்தது தான் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் மூன்றும். பழைய தீப்பெட்டி லேபிள், காலண்டர், பட்டாசுப் பெட்டிப் படம் எல்லாமே காகிதம். கரையானுக்கும் மழைக்கும் முன் எத்தனை நாள் தாங்கும்? ஸ்கேனர் ஒன்று போதும், காப்பாற்றிவிடலாம்.

அதைவிட முக்கியமானது மனிதர்களின் குரல். 2021 பிப்ரவரி 12ல் சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். செய்தித்தாளில் அது ஒரு எண்ணிக்கை. தொழிலாளர்கள் எந்த வயதில் வேலைக்கு வந்தார்கள், திரி செருகும் கை எப்படிப் பழகியது, விபத்துக்கு அப்புறம் வீடு எப்படி நடந்தது... இதெல்லாம் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. சொல்பவரின் சம்மதத்தோடு ஒரு செல்போனில் பதிவு செய்தால் வரும்.

டிஜிட்டலும் நிரந்தரம் அல்ல. ஃபிளாப்பியில் சேமித்ததை இன்று திறக்க எத்தனை பேரிடம் கருவி இருக்கிறது? அதனால் பதிவை இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும், சில வருடங்களுக்கு ஒரு முறை புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும். எடுத்த பதிவு ஊர்க்காரர்களுக்கே கிடைக்கவும் வேண்டும்.

கீழடி முகங்களுக்கு 2,500 வருடம் கழித்து உருவம் கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை. அச்சங்குளத்து மனிதர்களின் முகமும் பெயரும் இன்று தெரியும். இன்றே எழுதி வைத்தால் நாளைக்கு யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.