வாந்திபேதி: ஒரு பிடியின் வரலாறு

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்து அண்ணாச்சிமார் கேட்டபோது, அணைக்கட்டு, பாலம் என்று ஏதாவது எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார்கள். நான் குடிநீர்க் குழாய்களோடு பிழைப்பு நடத்துகிற பொறியாளன். ஆகவே, குழாய்க்குள் வரவே கூடாத ஒன்றின் கதையைச் சொல்கிறேன்.

'பேதியில போவான்!' நம்ம பக்கத்தில் இந்த வசவைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் உண்டா? இன்று ஆச்சி பேரனை இப்படித் திட்டினால் அதில் கோபத்தைவிடச் செல்லம்தான் அதிகம். ஒரு காலத்தில் அது உண்மையான சாபம். காலையில் வயலுக்குப் போனவர் பொழுது சாய்வதற்குள் பிணமாகிவிடும் வாந்திபேதியை, அதாவது காலராவை, மனதில் வைத்துச் சொன்ன வார்த்தை அது.

1817-ல் வங்காளத்தில் ஜெசூர் பக்கம் கிளம்பிய கொள்ளைநோய், 1818 முடிவதற்குள் தென்னாட்டைக் கடந்து இலங்கை வரை போய்விட்டது. 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுவதும் பசியும் காலராவும் கைகோத்துக்கொண்டு லட்சக்கணக்கான பேரைக் கொண்டுபோயின. நம் தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, அம்பை, சேரன்மகாதேவி, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. குளிப்பது, துவைப்பது, குடத்தில் மொண்டு வருவது எல்லாம் அதே ஆற்றில்தான். மேலே உள்ள ஊரின் அழுக்கு கீழே உள்ள ஊரின் குடிநீர். காலராவுக்கு இதைவிட நல்ல பாதை வேறு என்ன வேண்டும்?

நோய் தண்ணீரில் வருகிறது என்பதை லண்டனில் ஜான் ஸ்நோ 1854-ல் எடுத்துக் காட்டினார். 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து, குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டார். ஆனால் கிருமி குடலுக்குள் போய் என்ன செய்கிறது என்ற கேள்விக்குச் சரியான பதிலை 1959-ல் சொன்னவர் நம் நாட்டுக்காரர். கல்கத்தா மருத்துவர் சம்புநாத் டே. கிருமி சுரக்கும் ஒரு நஞ்சுதான் குடலிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கிறது என்று முயல்களின் குடலில் சோதித்துக் காட்டினார். உயிரோடிருந்த காலத்தில் அவரைக் கொண்டாடியவர்கள் குறைவு. 1985-ல் காலமானார்.

பின்னால் வந்தவர்கள் மிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். விழுங்கிய கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலேயே செத்துப்போகும். அதனால்தான் நோய் வரப் பொதுவாகக் கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். தப்பியவை ஒற்றை வாலை ஆட்டி நீந்திச் சிறுகுடலின் சளிப்படலத்தைத் துளைக்கின்றன. அங்கே நிலையாக நிற்காவிட்டால் குடலின் ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். எனவே முதலில் ஒரு புரதத்தால் ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளின் ஓட்டைப் பிடிக்கவும் அதே புரதம்தான் உதவுகிறது என்று 2005-ல் தெரியவந்தது. பிறகு மெல்லிய மயிரிழைகளை நீட்டி, ஒன்றையொன்று பிணைத்துக் கூட்டமாகக் குடியேறுகின்றன. குடியேறியதும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு குடல் செல்லின் மேல்தோலில் ஒட்டி, உள்ளே புகுந்து, உப்புக் குழாயைத் திறந்துவிடுகிறது. உப்பு போகிற வழியில் தண்ணீரும் போகும். கடுமையான நோயாளிக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். எங்கள் பாஷையில் சொன்னால், யாரோ வால்வைத் திறந்து விட்டுச் சாவியையும் ஒடித்துப் போட்ட மாதிரி.

நான் கைக்குழந்தையாக இருந்த 1992-ல் சென்னையில் ஒரு புதுக் காலரா தலைகாட்டியது. வேலூரிலும் மதுரையிலும் பார்த்தார்கள். சில மாதங்களில் கல்கத்தா, வங்கதேசம் என்று பரவிற்று. ஓ139 என்று பெயரிட்டார்கள். பழைய காலராவால் எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களும் இதில் விழுந்தார்கள். காரணம், கிருமி தன் மேல்சட்டையை மாற்றிக்கொண்டிருந்தது. ஆனால் உள்ளே பிடிக்கும் மயிரிழையும் நஞ்சும் பழையவைதான். சட்டை மாறினாலும் கை மாறவில்லை. எந்தச் சட்டையோடு வந்தாலும் அது வருகிற வழி தண்ணீர்தான் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நோய் வந்தபின் காப்பாற்றுவதும் எளிதான மருந்துதான். நஞ்சு ஒரு வாசலைத் திறந்துவிட்டாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் இன்னொரு வாசலை அதனால் மூட முடிவதில்லை. 1971 அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைப் பிழைக்க வைத்தார். சாவு விகிதம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்த நம் பாட்டிமார் கைவைத்தியத்துக்கும் இதே நியாயம்தான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆற்றுப் படுகையின் உறைகிணறுகளை நம்பியிருக்கும் ஊர்கள் பலவற்றில் குடிநீர் நின்றுபோனது. வெள்ளம் இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. விட்டு விட்டுத் தண்ணீர் விடும் ஊர்களில், சப்ளை நிற்கும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் குறையும். எங்கேயாவது விரிசல் இருந்தால் பக்கத்துச் சாக்கடையை அது உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் தெருக்கோடி கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறோம். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள், அந்த வாடையைக் காவல்காரனாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். குளோரின் பார்க்கும் சோதனைப் பெட்டியை இயக்க 5 நிமிஷம் போதும். உங்கள் தெருக் குழாயில் ஒருநாள் பாருங்கள். மிச்சம் இல்லையென்றால் நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ எழுதிப் போடுங்கள். ஆற்றில் சாக்கடை கலக்கிறதைப் பார்த்தால் அதையும் எழுதுங்கள். 'பேதியில போவான்' என்பது ஆச்சிமாரின் செல்ல வசவாகவே என்றைக்கும் இருக்கட்டும்.