நிக்கல் வினையூக்கிகள் (உலர் மறுவுருவாக்கம்)

மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் வினைபுரியச் செய்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த தொகுப்பு வாயுவாக மாற்ற உதவும் வினையூக்கிகள். வழக்கமான மறுவுருவாக்கத்தில் பயன்படும் நீராவியின் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் இவ்வினை உலர் மறுவுருவாக்கம் எனப்படுகிறது. ஜெர்மானிய வேதியியலர்கள் ஃபிஷரும் திராப்ஷும் 1928-இலேயே நிக்கல், கோபால்ட் வினையூக்கிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தனர். இரண்டு பசுமைக்குடில் வாயுக்களை ஒருசேரச் செலவிடும் வினை என்ற கவனம் பிற்பாடுதான் கிடைத்தது.

ஒரு மோல் மீத்தேன் ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுடன் வினைபுரிய 247 கிலோஜூல் வெப்பம் தேவை. 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வினை நடக்கிறது. விளையும் வாயுவில் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் ஏறத்தாழ சம அளவில் இருக்கும். மெத்தனால் தயாரிக்க ஹைட்ரஜன் இருமடங்கு வேண்டும் என்பதால், அதற்குச் சிறிது நீராவியும் சேர்ப்பதுண்டு.

ரோடியம், ருத்தீனியம் ஆகியவையும் இவ்வேலையைச் செய்யும். கரி படியாமல் தாக்குப்பிடிப்பதில் அவையே மேல். நிக்கலுக்கு முக்கியச் சாதகம் அதன் குறைந்த விலை. மீத்தேன் சிதைவதாலும், கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் தமக்குள் வினைபுரிவதாலும் உண்டாகும் கரி, நிக்கல் துகளுக்கு அடியில் இழையாக வளர்ந்து அதைத் தாங்குபொருளிலிருந்து பெயர்த்துவிடுகிறது. பெயர்ந்த துகள் சில காலம் வேலை செய்யும்; ஆனால் சேரும் கரியால் வினைக்குழாய் அடைபடும். சூட்டில் துகள்கள் ஒட்டிப் பருத்துவிட்டால் கரி இன்னும் விரைவாகச் சேரும். டென்மார்க்கின் டாப்ஸோ நிறுவனம் கந்தகத்தைச் சிற்றளவில் ஏற்றி, கரி வளரும் இடங்களை அடைத்தது. வினைவேகம் குறைந்தது அதற்குக் கொடுத்த விலை. 2020-இல் தென்கொரியாவின் கைஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒற்றைப்படிக மெக்னீசியம் ஆக்சைடின் மேல் அமர்த்திய நிக்கல்-மாலிப்டினம் துகள்கள் 800 டிகிரியில் 850 மணி நேரத்துக்கு மேல் கரியின்றி இயங்கியதாக அறிவித்தனர்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தலையும் மாற்றுதலையும் ஒரே பொருளில் இணைக்க, நிக்கலோடு சுட்ட சுண்ணாம்பைச் சேர்க்கின்றனர். புகைவாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கால்சியம் கார்பனேட்டாகும். அடுத்து மீத்தேனைச் செலுத்தினால், வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நிக்கல் அங்கேயே தொகுப்பு வாயுவாக்கும். சுண்ணாம்பு மீண்டும் பிடிக்கத் தயாராகும். ஆனால் சுற்றுக்குச் சுற்று அதன் நுண்துளைகள் மூடி, உறிஞ்சும் திறன் குறையும்.

வெப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டு இம்முறையின் நன்மையை மதிப்பிட முடியாது. வினைவெப்பத்தை மீத்தேனை எரித்தே பெற்றால், மாற்றப்படும் 100 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 31 புதிதாகப் புகைபோக்கி வழியே வெளியேறும். உலையின் வெப்ப இழப்பு இக்கணக்கில் சேரவில்லை.