இரும்பு வீடும் எழுதுகோலும்

"எழுதுவதற்குப் பொருளில்லை" என்று மாணவ நண்பர்கள் குறைப்படும்போதெல்லாம் சீன எழுத்தாளர் லூ சுன் என் நினைவுக்கு வருகிறார்.

1906இல் மருத்துவக் கல்வியைத் துறந்து இலக்கியத்தின்பால் திரும்பியவர் அவர். ஜப்பானில் அவர் தொடங்க முயன்ற சஞ்சிகை வெளிவரவேயில்லை. 1909இல் தம்பியுடன் வெளியிட்ட மொழிபெயர்ப்புக் கதைகளும் விலைபோகவில்லை. 1911ஆம் ஆண்டுப் புரட்சி மன்னராட்சியை வீழ்த்தியபோதும் பாமர மக்களின் வாழ்வு மாறவில்லை. ஆதரிப்பாருமில்லை, எதிர்ப்பாருமில்லை என்ற வெறுமை அவருடைய எழுதுகோலை முடக்கிற்று. பீக்கிங்கில் கல்வி அமைச்சில் உத்தியோகம் பார்த்தபடி, பழங் கல்வெட்டுகளைப் படியெடுத்தே ஆண்டுகளைக் கழித்தார்.

1917இல் நண்பர் சியன் சுவான்துங் வந்து, 'புதிய இளைஞர்' சஞ்சிகைக்கு எழுதுமாறு வற்புறுத்தினார். சாளரமற்ற இரும்பு வீட்டிலே உறக்கத்திலேயே மூச்சடைத்து மடியப்போகிறவர்களை எழுப்பி வேதனைப்படுத்துவானேன் என்று வினவினார் லூ சுன். சிலர் விழித்தெழுந்துவிட்டால் அவ்வீட்டைத் தகர்க்க வழியே இல்லையென்று கூறமுடியுமா என்று திருப்பிக் கேட்டார் நண்பர்.

ஐயம் முற்றும் நீங்காமலே லூ சுன் எழுதத் துணிந்தார். 1918 மே மாதத்தில் 'பைத்தியக்காரனின் நாட்குறிப்பு' வெளிவந்தது. 1919இல் மதுக்கடையில் ஏளனத்துக்குள்ளாகும் ஏழைப் படிப்பாளியையும், 1921இல் கூலியாள் ஆ கியூவையும் படைத்தார்.

இம்மனிதர்கள் அவர் மௌனமாயிருந்த காலத்திலும் கண்முன்னே வாழ்ந்தவர்களே. கேட்பதற்கு ஆளுண்டு என்ற நம்பிக்கை பிறந்தபோதுதான் அவர்கள் கதையாயினர். பொருளைத் தேடி அலையுமுன், யாருக்காக எழுதுகிறோம் என்று நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.