கோதுமை ஒவ்வாதவர்களுக்கு நம்ம ஊர்ச் சாப்பாடு



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேசப்போவதில்லை. நம் வயலில் விளையாத ஒரு தானியத்தைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். தளவாய்புரம், முகவூர், சேத்தூர்ப் பக்கம் அதை யாரும் விதைப்பது கிடையாது. ஆனாலும் பொழுது சாய்ந்தால் கடைக்குக் கடை கல்லில் புரோட்டா தட்டுகிற சத்தம் கேட்கிறது. ஆமாம், கோதுமைதான்.

கோதுமை நல்ல தானியம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாளைக்கே யாரும் "அதிகாரி கோதுமையை விடச் சொன்னார்" என்று கிளம்பிவிடக் கூடாது. மிச்சம் இருக்கிற ஓரிருவருக்குத்தான் அது ஆகாது. புரோட்டா மாவைப் பிசைந்து இழுத்தால் ரப்பர் மாதிரி வருகிறதல்லவா, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன் என்கிற புரதம். பார்லியிலும், ரை என்கிற குளிர்நாட்டுத் தானியத்திலும் இதே இனப் புரதம் உண்டு. சிலர் உடம்பு இதை எதிரியாக நினைத்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் அடிபடுவது அவர்களுடைய சிறுகுடல்தான். குடலின் உட்சுவரில் நாற்றங்கால் பயிர் மாதிரி நெருக்கமாக விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் சதைகள்தான் சாப்பாட்டின் சத்தை உறிஞ்சுகின்றன. அவை மாடு மேய்ந்த நாற்றங்காலாக மழுங்கிப் போகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புதல், இரத்தசோகை, பிள்ளைகளுக்கு வளர்த்தி நின்றுபோவது எல்லாம் வரிசையாக வரும். இதற்கு சீலியாக் நோய் என்று பெயர். இது தொற்று நோய் கிடையாது. மாத்திரை மருந்தில் தீருவதும் இல்லை. குளூட்டன் உள்ளதை ஆயுள் முழுக்க விட்டுவிட்டால் குடல் தானே தளிர்த்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இந்த நோயின் அடையாளங்களைத் தெளிவாக எழுதினார். குணப்படுத்த வழி இருந்தால் அது சாப்பாட்டில்தான் இருக்கும் என்று சரியாகவே ஊகித்தார். எந்தச் சாப்பாடு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. 1924இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் தேறின. வாழைப்பழத்தில்தான் மருந்து இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பழம் தின்ற வயிற்றில் ரொட்டி போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை!

கவனித்தவர் நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். ரொட்டியை நிறுத்தினால் பிள்ளை தேறுகிறது, கொடுத்தால் படுக்கிறது என்று பார்த்து வைத்திருந்தார். பிறகு உலகப் போர் வந்தது. 1944 கடைசியிலிருந்து 1945 வசந்தம் வரை அந்த நாட்டின் மேற்குப் பகுதியில் கொடும் பஞ்சம். ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். ஊரே வற்றிக்கொண்டிருக்கும்போது, டிக்கேயிடம் இருந்த சீலியாக் பிள்ளைகள் மட்டும் ரொட்டி இல்லாததால் தேறின. போர் முடிகிற சமயம் விமானத்திலிருந்து உணவு போட்டார்கள், ரொட்டியும் திரும்பி வந்தது. அந்தப் பிள்ளைகள் மறுபடி படுத்தன. 1950இல் டிக்கே இதையெல்லாம் ஆராய்ச்சி நூலாக எழுதி உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். அடுத்த சில வருஷங்களில் வெய்யர்ஸ், வான் டி காமர் என்ற இருவரும் அவரும் சேர்ந்து, குற்றவாளி கோதுமை மாவின் குளூட்டன்தான், அதன் மாச்சத்து இல்லை என்று காட்டினார்கள்.

அங்கே பஞ்சம் வந்து கோதுமை போயிற்று. நம்ம நாட்டில் பஞ்சம் வந்துதான் கோதுமை வீட்டுக்குள் நுழைந்தது. அதற்கு முன்னால் நமக்குக் கோதுமை என்றால் அல்வாதான். திருநெல்வேலி அல்வா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்துக் கிண்டுகிற பண்டம். மற்றபடி கரிசல் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும், மலையடிவாரக் குளத்துப் பாசனத்தில் நெல்லும்தான் நம்முடைய சோறு. 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ரேஷன் வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமையும் வந்தது. 1952இல் ராஜாஜி ரேஷன் கட்டுப்பாட்டை எடுத்தார். 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் ஆகி, கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கிற்று. 1960களில் கேர் நிறுவனம் கொடுத்த உடைத்த கோதுமை பள்ளிக்கூடத்து மதிய உணவில் உப்புமாவாக வெந்தது. வயதானவர்கள் அந்த வாசனையை இன்றைக்கும் சொல்வார்கள். பசித்த பிள்ளைகளுக்கு அது அமிர்தம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பந்தியில் ஒரு பிள்ளைக்கு இந்தக் கோளாறு இருந்திருந்தால்? சவலை என்பார்கள், கணை என்பார்கள், தோஷம் என்று தாயத்துக் கட்டுவார்கள். சத்துக்காக அதே உப்புமாவை இன்னொரு கரண்டி வைப்பார்கள்.

பிறகு பசுமைப் புரட்சியில் வடக்கே கோதுமை கொட்டிற்று. மைதா மலிந்தது. புரோட்டாக் கடை பெருகிற்று. விருதுநகர்க்காரர்கள் அதை எண்ணெயில் பொரித்துத் தனிப் பேரே வாங்கிவிட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர் ராத்திரிக்குச் சப்பாத்திக்கு மாறினார், பிள்ளைக்குப் பிஸ்கட், விருந்தாளிக்குச் சேமியாப் பாயசம். அரிசிச் சோறு ஒரு வேளையாகச் சுருங்கியது.

"இதெல்லாம் வடக்கத்தி வியாதி, நமக்கேன்?" என்பீர்கள். 2016இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளிலும் சேர்த்து 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். சீலியாக் நோய் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கும், வடகிழக்கில் 0.87 பேருக்கும், தெற்கே 0.10 பேருக்கும் இருந்தது. அதாவது நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர். ஆனால் இந்த நோய் வருவதற்கு வேண்டிய மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம், தெற்கே 36 சதவீதம் பேரிடம். வித்து ஏறத்தாழ ஒன்றுதான்! தின்கிற கோதுமைதான் வேறே: வடக்கே ஆளுக்கு நாளொன்றுக்கு 455 கிராம், தெற்கே 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம்தான் தின்கிறார்கள், நோய் அங்கேயும் இருக்கிறது. ஆகையால் அளவு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் வித்து மண்ணில் கிடக்கிறது, நாம் வருஷா வருஷம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போகிறோம் என்பதை மறுக்க முடியாது.

ஆகவே இரும்புச் சத்து டானிக் எத்தனை கொடுத்தும் இரத்தம் ஏறாத, வயிறு சரியில்லாத, வளராத பிள்ளை வீட்டில் இருந்தால் டாக்டரிடம் இந்த நோயின் பேரைச் சொல்லிக் கேளுங்கள். இரத்தத்தில் ஒரு சோதனை இருக்கிறது. தேவைப்பட்டால் குடலில் கொஞ்சம் கிள்ளி எடுத்தும் பார்ப்பார்கள். ஒன்று முக்கியம். சோதனைக்கு முன்னால் நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்றே காட்டும்.

நோய் என்று ஆகிவிட்டால் பயப்பட வேண்டாம். ஐரோப்பாக்காரனுக்கு ரொட்டி போனால் சாப்பாடே போச்சு. நமக்கு என்ன போச்சு? இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, பணியாரம், பொங்கல், கம்மங்கூழ், குதிரைவாலிச் சோறு, கேப்பைக் களி இருக்கின்றன. கூடாரவல்லிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் படைக்கிற அக்கார அடிசில் அரிசியும் பாலும் வெல்லமும் நெய்யும்தான். அதே ஊர்ப் பால்கோவா, 2019இல் புவிசார் குறியீடு வாங்கியது, பாலும் சர்க்கரையும்தான். பட்டணத்தில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த பொட்டலத்தை மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்குவதைவிட நம்ம அடுக்களையே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் கள்ளன் உள்ளேயே இருக்கிறான். பெருங்காயத்தைப் பாருங்கள். அது ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடியின் பால். (நம் நாட்டில் 2020 அக்டோபரில்தான் இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் நட ஆரம்பித்தார்கள்.) சுத்தமான பால் காரம் தாங்காது என்பதால் கோந்தும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அந்த மாவு பெரும்பாலும் மைதா. ஆக அரிசிச் சோறும் பருப்புச் சாம்பாரும் சாப்பிட்டே ஒருவர் நாள் தவறாமல் கோதுமை தின்றுகொண்டிருக்கலாம்! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, பொட்டலத்தைப் படித்து வாங்க வேண்டும். ரவை கோதுமைதான், சேமியாவும் அதுவே. சம்பா கோதுமை பழைய ரகம், கெடுதல் இல்லை என்பார்கள். அதிலும் குளூட்டன் உண்டு. சத்துமாவில் முளைகட்டிய கோதுமை சேர்ப்பது வழக்கம். மால்ட் என்று பேர் போட்ட பானங்களில் பார்லி வரும். கேப்பைச் சேமியா என்று எழுதியிருந்தாலும் மைதா கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கோதுமைப் பால் மட்டும்தானே என்று அல்வாவுக்கும் ஆசைப்படக் கூடாது, பாலிலும் அந்தப் புரதம் கொஞ்சம் இறங்கிவிடும்.

வெளியூர் போனால்? இராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் உட்கார்ந்தால் இட்லி சொல்லலாம், தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்ளலாம். சாம்பாருக்கு என்ன பெருங்காயம் என்று சரக்கு மாஸ்டரிடம் கேட்க வெட்கப்பட வேண்டாம். தோசை அரிசி மாவுதானே என்று ராத்திரிக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். புரோட்டா போட்ட அதே கல்லில்தான் தோசையும் வார்ப்பார்கள். கல்லில் ஒட்டியிருக்கிற துணுக்கே போதும், குடல் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ரவா தோசை கூடவே கூடாது. சில்லி சிக்கன் மாதிரிப் பண்டங்களில் மைதாவும், கோதுமை சேர்த்துச் செய்கிற சோயா சாஸும் இருக்கும். சாத்தூர்க் காராச்சேவு கடலை மாவும் அரிசி மாவும்தான், மைதாவும் பெருங்காயமும் சேர்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் சோறு, தயிர், வாழைப்பழம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். தூக்குவாளியில் சொந்தச் சோறு கொண்டுபோனால் இன்னும் நல்லது. சம்பந்தக்காரர் கோபித்துக்கொண்டால் டாக்டர் சீட்டைக் காட்டுங்கள்.

கடைசியாக மாவு மில் விஷயம். நம்ம ஊர் மில்லில் ஒரே கல்லில்தான் கோதுமையும் அரிசியும் கம்பும் அரைபடுகிறது. முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துவிட்டுப் போனால், உங்கள் அரிசி மாவில் முதல் ஒரு படியாவது அவருடைய கோதுமைதான். கேப்பையோ அரிசியோ கொஞ்சம் விட்டுக் கல்லைக் கழுவினாலும் முழுக்கப் போகாது. அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தனி உரலோ, ஒரு சின்ன அரைவை மிஷினோ இருப்பது நல்லது. வாங்க வசதி இல்லாதவர்கள் இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசியை ஊறவைத்து வீட்டிலேயே இடித்துச் சலித்துக்கொள்ளலாம். கோதுமை சலித்த சல்லடை மட்டும் வேண்டாம், புதுச் சல்லடை ஒன்று வாங்கித் தனியாக ஆணியில் மாட்டி வையுங்கள்.