வண்டலூர் ஹெரால்டும் நான்காவது கதவும்

டில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் பல்லாண்டுகளாகக் குடியிருந்துவரும் தமிழர் இல்லங்களில் பழைய புகைப்படங்களைப் புரட்டினால், குடும்பத்தார் ஒரு சிறிய காரின் முன்னே வரிசையாக நிற்கும் படம் ஒன்று அகப்படக்கூடும். அந்தக் கார் ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்’ ஆயின், அது சென்னைக்கு அடுத்த வண்டலூரில் உருவானது. அத்தகைய வண்டி ஒன்றை டில்லி கரோல்பாக்கில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர் மூன்று ஆண்டுகளாகச் செப்பனிட்டு வருகிறார். 1970-இல் அவருடைய தந்தையார் வாங்கிய நான்கு கதவு வண்டி அது. அதில் அமர்ந்து ஒருமுறையேனும் மலை மந்திர் சென்று முருகனைத் தரிசிக்க வேண்டுமென்பது அவருடைய தாயாரின் ஆசை. தாயாருக்கு வயது எண்பத்தாறு. எஞ்சின் ஓடுகிறது; வண்டி ஓடவில்லை. உதிரி உறுப்புக்கள் கிடைக்கவில்லை என்பதே காரணம். இப்பஞ்சத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஹெரால்டின் பூர்வீகம் இங்கிலாந்து. அதற்கு உருவம் வகுத்தவர் ஜியோவான்னி மிக்கலோட்டி என்னும் இத்தாலியர். கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-டிரயம்ப் கம்பெனி 1959-இல் அதை வெளியிட்டது. கார்களின் உடலை ஒரே கூடாகப் பற்றவைத்துச் செய்யும் முறை அக்காலத்தில் பரவியிருந்தது. ஹெரால்டோ பழைய வழக்கப்படி தனிச் சட்டத்தின்மேல் பகுதி பகுதியாகப் போல்ட்டு முடுக்கி அமைக்கப்பட்டது. உடற்கூடு செய்துகொடுத்து வந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டமையால் நேர்ந்த நிர்ப்பந்தம் அது. அங்கே நிர்ப்பந்தமாயிருந்தது நமக்கு வசதியாயிற்று. பகுதிகளாகக் கப்பலில் வந்ததை இங்கே கோத்துவிடலாம் அல்லவா?

ஆனால் கோப்பதோடு நிற்க அனுமதி இல்லை. உறுப்புக்களை இந்நாட்டிலேயே படிப்படியாகச் செய்யும் திட்டமில்லாத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று 1953-இல் இந்திய அரசாங்கம் முடிவு செய்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. கார் உற்பத்தியில் முக்கியமாக எஞ்சியவை மூன்று: உத்தரபாராவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்ட் 1961-இல் ஹெரால்டைத் தொடங்கியபோது அந்நியச் செலாவணிக்குப் பெரும் தட்டுப்பாடு. எனவே வெளிநாட்டு உறுப்புக்கள் ஒவ்வொன்றாக விலக, உள்நாட்டு உறுப்புக்கள் அவற்றின் இடத்தில் அமர்ந்தன. அறுபதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்திலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கே தோன்றியது. முன் ஆசனத்தை மடக்கிப் பின்னால் நுழையும் அவஸ்தையிலிருந்து நம் பாட்டிமார் தப்பினர். பின்னர் அதே வண்டியைச் சற்று மாற்றி ‘கெஸல்’ என்ற பெயரில் 1977 வரை சிறு தொகையில் செய்தார்கள். 1988-இல் கம்பெனியின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

இங்கேதான் விந்தை. இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டுகள் செய்யப்பட்டன. அவற்றைப் போற்றுவோர் இன்றும் பலர் இருப்பதால், அங்கே பல உறுப்புக்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ‘டிரனியன்’ என்ற வெண்கலத் துண்டை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கெட்டியான எண்ணெய் விடவேண்டும். நம் மெக்கானிக்குகள் பலர் வழக்கப்படி கிரீஸை அடைத்தார்கள். உள்ளே எண்ணெய் சேராமல் எஃகுத் தண்டு அரித்து, ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கிவிடும். நண்பரின் வண்டிக்கு நேர்ந்ததும் இதுவே. விலையும் கப்பற்கூலியும் சுங்கவரியும் செலுத்தினார். கடல் கடந்து டிரனியன் வந்துவிட்டது. பின் இடக் கதவு வரவில்லை. அது வண்டலூரில் மட்டுமே செய்யப்பட்டது. அந்நியப் பொருள் கைக்கு எட்டுகிறது, சுதேசிப் பொருள் எட்டவில்லை! சுயதேவைப் பூர்த்திக்காக வகுத்த கொள்கை பல்லாண்டுகளுக்குப் பின் இப்படிக் கணக்குத் தீர்க்கும் என்று அதை வகுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உறுப்பைச் செய்யக் கற்றுக்கொண்டோம்; வார்ப்பச்சையும் வரைபடத்தையும் காப்பாற்றக் கற்றுக்கொள்ளவில்லை.

நண்பர் காஷ்மீர் கேட் கடைகளில் விசாரித்தார். “மதராஸ் வண்டியா? மதராஸில் கேளுங்கள்” என்றார்கள். மாயாபுரியின் பழைய இரும்புக் குவியல்களிலும் தேடினார். கதவின் கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. உடைந்தால் ஒட்டுவது கடினம். உடைந்த கைப்பிடியை மாதிரியாகக் கொண்டு மொராதாபாத் பித்தளைத் தொழிலாளி ஒருவர் புதிதாக வார்த்துக் கொடுத்தார். குரோமியம் பூசியபின் பார்த்தால் பழையதைவிட அழகாயிருக்கிறது.

அழகாயிருப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. 2021-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த சொந்த வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் அவை மூல வடிவத்தில் இருக்கவேண்டும். சட்டமும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்பட்டிருக்கக் கூடாது. மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் ‘மூல வடிவம்’ என்று எழுதுவது நமக்கு எளிது. உறுப்புக்கள் மாறிக்கொண்டே வந்த ஒரு வண்டிக்கு மூலம் எது? கவென்ட்ரியா, வண்டலூரா? பித்தளைக் கைப்பிடி பெரிய மாற்றமாகாது என்று நண்பர் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். இவ்விதமாகப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டவும் இயலாது. கண்காட்சி, பழங்கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் இறங்கலாம். மலை மந்திருக்குப் போகும் வழியில் பெட்ரோல் நிலையம் உண்டு என்று தாயார் நினைவூட்டுகிறார்.

சென்ற மாதம் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து ஒரு கதவு ரயில் பார்சலில் வந்து சேர்ந்தது. ஆவலோடு கட்டைப் பிரித்தோம். நான்கு கதவு ஹெரால்டின் கதவேதான், துருவும் அதிகமில்லை. ஆனால் அது வலக் கதவு. நண்பர் அதைத் திருப்பியனுப்பவில்லை. துணி சுற்றி மாடியில் வைத்துவிட்டு, இடக் கதவு வேண்டி அன்றிரவே மீண்டும் ஒரு கடிதம் எழுதினார்.