புகைபோக்கி வரைந்த ஓவியர்

ஓவியம் என்றவுடன் மலையும் அருவியும், மன்னரும் மாதரும், தெய்வத் திருவுருவங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. புகைபோக்கியையும் நீர்த்தொட்டியையும் ஒருவர் நாட்கணக்கில் அமர்ந்து தீட்டுகிறார் என்றால், அது வேலையற்றவன் வேலை என்று நம்மிற் பலர் நகைப்போம். ஆயினும், முதல் உலகப் போருக்குப்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம் அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஓவியர் சிலர் இதனையே தம் கலைக்குரிய பொருளாகக் கொண்டிருந்தனர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. கொள்கை அறிக்கையும் இல்லை. கோடு பிசகாத துல்லியம் ஒன்றே அவர்களை ஓரினமாக்கிற்று. அதனாற்றான் பிரிஸிஷனிஸ்டுகள் என்ற பெயர் அவர்களுக்கு வாய்த்தது. நாம் அவர்களைத் துல்லிய ஓவியர் என்றே குறிப்போம்.

இவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சார்லஸ் ஷீலர். 1883-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் பிறந்த இவர், 1909-இல் பாரிஸுக்குச் சென்று ஸெஸான், பிக்காஸோ முதலியோரின் புத்தம் புதிய படைப்புக்களைக் கண்டார். உருவங்களைக் கட்டங்களாகவும் கோணங்களாகவும் பகுத்துக் காணும் க்யூபிஸ முறை அவர் உள்ளத்தில் பதிந்தது. ஆனால் கலை சோறு போடவில்லை. கட்டடங்களைப் படம் பிடித்துக் கொடுக்கும் புகைப்படத் தொழிலை வயிற்றுப்பாட்டுக்காக மேற்கொண்டார். அத்தொழிலே பின்னர் அவர் கலைக்குக் கண்ணாக அமைந்தது.

1927-இல் ஃபோர்டு நிறுவனம் ‘மாடல் ஏ’ என்னும் புதிய காரை வெளியிட்டது. விளம்பரத்தின் பொருட்டு ஷீலரை டெட்ராய்டையடுத்த ரிவர் ரூஜ் தொழிற்சாலைக்கு அனுப்பினர். அது தொழிற்சாலை அன்று, ஒரு நகரம். ஒன்றரை மைல் அகலமும் ஒரு மைல் நீளமும் உடையது. 75,000 பேருக்கு மேல் உழைத்த இடம். ஒருபுறம் இரும்புத்தாதுவும் நிலக்கரியும் கப்பலில் வந்து இறங்கும். மறுபுறம் முழு வடிவம் பெற்ற கார் உருண்டு வெளிவரும். ஜாம்ஷெட்பூரிலும் பிலாயிலும் ரூர்கேலாவிலும் குடியேறி வாழும் நேயர்களுக்கு ஊது உலை இன்னதென்று நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவர்கள் நாள்தோறும் காணும் அக்காட்சியைத்தான் ஷீலர் ஆறு வாரங்கள் இமைகொட்டாமல் பார்த்திருந்தார்.

அவர் எடுத்தளித்த படங்கள் 32. விளம்பரத்திற்காக எடுத்த அப்படங்களில் காரைத் தேடித்தான் காண வேண்டும்! பொருள்களை ஏற்றிச்செல்லும் இரண்டு பெருந்தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய, அவற்றின் பின்னே புகைபோக்கிகள் வரிசையாக வானளாவி நிற்கும் படமே அவற்றுள் புகழ்பெற்றது. கோயிற் கோபுரத்தை அண்ணாந்து நோக்குபவனின் பார்வை அதில் இருக்கிறது.

மூன்றாண்டுகள் கழித்து, 1930-இல், அந்நினைவுகளைக் கொண்டு ‘அமெரிக்க நிலக்காட்சி’ என்னும் வண்ண ஓவியத்தைத் தீட்டினார். 1931-இல் ‘செவ்வியல் நிலக்காட்சி’ பிறந்தது. இரண்டிலும் காண்பது, ஊது உலையின் கசடிலிருந்து சிமெண்டு செய்யும் ஆலை. வெயிலில் ஒளிரும் உருளைக் கிடங்குகள், நேர்கோடாக நீளும் தண்டவாளம், அசையாத நீர். தூரிகை பட்ட தடம்கூடத் தெரியாத வழுவழுப்பு. முந்தைய ஓவியத்தில், தண்டவாளங்களுக்கிடையே எறும்பளவில் ஒரே ஒரு மனிதன் தென்படுகிறான். பிந்தையதில் அவனும் இல்லை.

ஷீலரோடு ஒரே ஆண்டிற் பிறந்த சார்லஸ் டெமத் வேறு வகையினர். பென்ஸில்வேனியாவின் லங்காஸ்டரில் வாழ்ந்த அவர் நீரிழிவு நோயால் நலிந்தவர். இன்சுலின் மருந்தை முதன்முதலாகப் பெற்ற அமெரிக்க நோயாளிகளுள் ஒருவர். ஊரை விட்டு நெடுந்தூரம் செல்ல உடல் இடந்தராத நிலையில், சொந்த ஊரிலிருந்த தானியக் கிடங்கையே 1927-இல் வரைந்தார். வெண்ணிறத் தூண்கள் இரண்டு விண்ணை நோக்கி எழ, ஒளிக்கதிர்கள் அவற்றின்மீது சாய்ந்து வெட்டிச் செல்கின்றன. அதற்கு அவர் இட்ட பெயர் ‘எனது எகிப்து’. பிரமிடுகள் மன்னரின் பெருமைச் சின்னங்கள் மட்டுமல்ல, கல்லறைகளும்கூட. தம் நாட்டின் பெருமையைக் கூறினாரா, தம் முடிவை எண்ணினாரா, சற்றே ஏளனம் செய்தாரா? மூன்றும் அதில் உண்டென்றே நமக்குத் தோன்றுகிறது. 1935-இல் அவர் மறைந்தார்.

எல்ஸி ட்ரிக்ஸ் என்ற பெண்மணியின் கதை இவற்றினும் சுவையானது. சிறுமியாய் இருந்தபோது இரவில் ரயிலில் பிட்ஸ்பர்க்கைக் கடந்தார். எஃகாலைகளின் தீப்பிழம்பு இருண்ட வானைச் செந்நிறமாக்கியதைக் கண்டார். அவ்வழகை வரைய வேண்டுமென்று, வளர்ந்தபின் திரும்பி வந்தார். வந்து பார்த்தால் அந்தத் தீயையே காணோம்! எஃகு உருக்கும் முறை மாறியிருந்தது. ஆலைக்குள் செல்லவும் எளிதில் இசைவு கிடைக்கவில்லை. பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்றனர். அவர் சோர்ந்துவிடவில்லை. குன்றின்மேல் தாம் தங்கியிருந்த விடுதிப் பக்கத்திலிருந்து நோக்கினார். பருத்த குழாய்களும் புகைபோக்கிகளும் கண்ணெதிரே நின்றன. அவற்றைக் கரும்சாம்பல் நிறத்தில், இத்தாலிய ஓவியர் பியெரோ டெல்லா ஃபிரான்செஸ்காவிடம் கற்ற கம்பீரத்தோடு 1927-இல் தீட்டினார். ‘பிட்ஸ்பர்க்’ என்னும் அவ்வோவியத்தில் நெருப்பே இல்லை. ஆயினும் அதன் கனல் நம்மைத் தொடுகிறது. நம் கருத்தில், ஷீலரின் வெயிலைக் காட்டிலும் இந்தச் சாம்பலே உண்மைக்கு அருகில் நிற்கிறது.

இவ்வோவியங்களில் உழைப்பாளி எங்கே என்னும் வினா எழாமலிருக்க இயலாது. 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. ஆலைகள் ஆட்களை நீக்கின. 1932 மார்ச் 7-ஆம் நாள், வேலையிழந்தோர் ஆயிரக்கணக்கில் திரண்டு இதே ரூஜ் ஆலையின் வாயிலை நோக்கி நடந்தனர். துப்பாக்கிகள் வெடித்தன, அன்று நால்வர் மாண்டனர். ஷீலர் ஒரு தூசும் படியாமல் வரைந்த அந்தச் சுவர்களின் அருகிலேதான் இரத்தம் சிந்தியது. ஷீலர் நெஞ்சில் ஈரமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் கண் பொருளின் வடிவத்தில் தோய்ந்தது. அதனை இயக்கியவனிடம் செல்லவில்லை.

அவ்வாண்டே மெக்ஸிகோ ஓவியர் டியேகோ ரிவேரா டெட்ராய்டுக்கு வந்தார். அதே ரூஜ் ஆலையைப் பார்த்துவிட்டு, நகரக் கலைக்கூடத்தின் சுவர்களில் 1933-க்குள் 27 பகுதிகளாக ஓவியம் வரைந்தார். அங்கே எங்கு நோக்கினும் மனிதர். வளைந்த முதுகும் புடைத்த நரம்புமாக எந்திரத்தோடு மல்லுக்கு நிற்பவர்கள். அதற்குப் பொருளுதவி செய்தவர் ஹென்றி ஃபோர்டின் மகன் எட்ஸெல் ஃபோர்டு. ஆளே இல்லாத ‘செவ்வியல் நிலக்காட்சி’யை விலைக்கு வாங்கித் தம்மிடம் வைத்திருந்தவரும் அவரே. அது இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ரிவேராவின் மனிதர்கள் டெட்ராய்டுச் சுவரிலேயே இருக்கிறார்கள்.