எலி, அரிசி, சைக்கிள்: மெக்காரிசனின் உணவு வரிசைக்கு ஒரு மறுப்பு

அந்தமானில் சைக்கிள் பந்தயத்துக்குப் பழகத் தொடங்கும் தமிழ்ப் பையனுக்கு வீட்டிலும் வெளியிலும் கிடைக்கும் முதல் அறிவுரை, சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறு என்பதுதான். எடை குறையவும் அதுவே வழி, கால் வலுக்கவும் அதுவே வழி, நாற்பது வயதில் சர்க்கரை நோய் வராமலிருக்கவும் அதுவே வழி. கோதுமை உடலை உரமாக்கும், அரிசி உடலை ஊதவைக்கும் என்ற இந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை விழுந்த இடம் நீலகிரியில் உள்ள குன்னூர். முத்திரை குத்தியவர் ஊட்டச்சத்து ஆய்வாளர் ராபர்ட் மெக்காரிசன். அவர் தந்த உணவு வரிசை அரிசி விஷயத்தில் பிழையானது. உடல் எடையை உணவின் தரத்துக்கு அளவுகோலாக்கியது அதைவிடப் பெரிய பிழை. இவ்விரண்டும் தீவின் சைக்கிள் வீரர்களின் தட்டு வரை எப்படி வந்து நிற்கின்றன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

குன்னூர்ப் பட்டியல்

1918இல் பெரிபெரி நோய் ஆய்வாகக் குன்னூரில் தொடங்கிய பணி, 1928இல் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் முன்னோடி அதுவே. 1920களின் பிற்பாதியில் மெக்காரிசன் இளம் எலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் ஏழு மக்கட்பிரிவினரின் உணவை அவற்றுக்குக் கொடுத்தார். 80 நாள் கழித்து அவர் குறித்த சராசரி எடைகள்: சீக்கியர் உணவு 235 கிராம், பட்டாணியர் 230, மராட்டியர் 225, கூர்க்கா 200, கன்னடர் 185, வங்காளியர் 180, மதராசி 155. வடமேற்கிலிருந்து கிழக்குக்கும் தெற்குக்கும் வரவர மக்களின் உடற்கட்டு தளர்கிறது, அதற்குக் காரணம் உணவு, அந்த உணவின் கடைசிப் படியில் நிற்பது அரிசி என்பது அவர் எடுத்த முடிவு. 1936இல் லண்டனில் ஆற்றிய கான்டர் சொற்பொழிவுகள் மூலம் இது உலகெங்கும் பரவியது.

முடிவு மெக்காரிசனோடு பிறந்ததல்ல. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் டேவிட் மெக்கே 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் வங்காளச் சிறைகளின் உணவை ஆராய்ந்து, அரிசி உண்பவருக்குப் புரதம் போதவில்லை, அதனால்தான் அவர்கள் உடல் மெலிவு என்று எழுதிவிட்டார். கைதியின் தட்டில் தோன்றிய கருத்து எலியின் கூண்டில் உறுதி பெற்றது என்று சொல்லலாம்.

மெக்காரிசனை எடுத்தெறிந்து பேசுவது எளிது, அது நியாயமாகாது. பசி வேறு, சத்துக்குறை வேறு என்பதை இந்திய மருத்துவத்துக்கு உணர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர். அவரது அளவீடுகளில் எனக்குச் சந்தேகமில்லை. அவற்றிலிருந்து அவர் எடுத்த முடிவில்தான் சிக்கல்.

முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். சீக்கியர் உணவில் புதிதாக அரைத்த முழுக்கோதுமை மாவு, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, கீரை, கிழங்கு, பழம், எப்போதாவது இறைச்சி. மதராசி உணவில் தீட்டிக் கழுவிய அரிசி, பருப்பு, காய்கறி, மசாலா, எண்ணெய், தேங்காய், கொஞ்சம் பால் விட்ட காப்பி, கொஞ்சம் மோர், வெற்றிலையோடு சேரும் பாக்குகூட. இரண்டுக்கும் நடுவே 80 கிராம் வித்தியாசம். இந்த 80 கிராமில் தானியத்தின் பங்கு எவ்வளவு, பாலின் பங்கு எவ்வளவு, கீரையின் பங்கு எவ்வளவு? பட்டியலால் பதில் சொல்ல முடியாது. ஒரே நேரத்தில் ஐந்தாறு பொருள்கள் மாறியிருக்கின்றன. மராட்டிய வரிசை இன்னும் தெளிவாகக் காட்டிக்கொடுக்கிறது. அந்நாட்டின் அன்றாடத் தானியம் சோளமும் கம்பும்தான். ஆனாலும் அந்த எலிகள் சீக்கிய எலிகளைவிட 10 கிராம்தான் குறைவு. கோதுமைதான் காரணம் என்றால் இது நேர்ந்திருக்காது. பால் என்று படித்தால் பட்டியலின் பெரும்பகுதி விளங்கிவிடுகிறது.

புழுக்கிய நெல்

கான்டர் சொற்பொழிவுகளில் அரிசி பற்றி மெக்காரிசன் சொல்லும் ஓரிடத்தில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். அரிசி ஏற்கனவே சத்துக் குறைந்த தானியம். போதாக்குறைக்கு அதைப் புழுக்குகிறார்கள், ஆலையில் அரைக்கிறார்கள், தீட்டுகிறார்கள், பல தண்ணீரில் கழுவுகிறார்கள், கடைசியில் வேகவைக்கிறார்கள், இப்படி ஒவ்வொரு படியிலும் சத்து பறிபோகிறது என்பது அவர் கருத்து. பட்டியலில் முதலில் நிற்பது புழுக்குதல். அவர் எழுத்தில் புழுக்குதலும் தீட்டுதலும் ஒரே தரப்புக் குற்றவாளிகள்.

நெல் புழுக்குவதைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து, அண்டாவில் ஆவி கட்டி அவித்து, களத்தில் கிளறிக் கிளறிக் காயவைக்கிறோம். ஊறும்போதும் ஆவியேறும்போதும் தவிட்டிலும் முளையிலும் இருக்கும் பி1 என்னும் தயமின் சத்து மணியின் உள்ளே இறங்குகிறது. அதன் பிறகு தீட்டினாலும் உள்ளே போனதில் பெரும்பகுதி போகாது. தீட்டுதல் பறிப்பதைப் புழுக்குதல் முன்கூட்டியே பத்திரப்படுத்திவிடுகிறது. இரண்டும் நேரெதிர்ச் செயல்கள்.

இது மெக்காரிசன் காலத்துக்குப் பின் தெரிந்த செய்தியாக இருந்தால் அவரைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் மலாயாவில் மருத்துவர் பிராடன் 1907லேயே இதைக் கவனித்து எழுதியிருந்தார்: வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைத் தயமின் குறைவால் வரும் பெரிபெரி வாரிக்கொண்டு போனபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அங்கேயே ஃபிரேசரும் ஸ்டான்டனும் சாவகத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்து 1909இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளையரிசிப் பிரிவில் மட்டுமே நோய் வந்தது. பெரிபெரி ஆய்வுக்கென்றே குன்னூருக்கு வந்தவர் இவற்றை அறியாதிருந்திருப்பாரா? புரதமும் தாது உப்பும் கரைவதை எண்ணி அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். அப்படியானாலும், புழுக்குதலைப் பறிமுதல் வரிசையில் வைத்தது உயிர்ச்சத்து வரை நீள்கிறது என்பதால் அந்தச் சமாதானம் முழுதாக ஒட்டவில்லை.

மெக்காரிசனுக்குப் பின் அதே ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்டு, 1940இல் வெளிவந்த அரிசிச் சிக்கல் பற்றிய அறிக்கையில் கணக்கை நேராக்கினார். சென்னை மாகாணத்தில் பெரிபெரி இருந்தது ஆலைப் பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில். புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் அந்நோய் ஏறக்குறைய இல்லை. ஆக, மதராசி என்று ஒரே கூண்டில் அடைக்கப்பட்ட உணவு, குறைந்தது இரண்டு உணவு. 155 கிராம் என்ற எண் அவற்றில் எதற்குரியது?

அந்தமானுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வங்காளம் பேசுவோர் 28.5 விழுக்காடு, தமிழர் 15.2, மலையாளிகள் 7.2. மூன்றும் வீட்டில் பெரும்பாலும் புழுங்கல் புழங்கும் சமூகங்கள். சேர்த்தால் தீவில் பாதி. 13.2 விழுக்காடு தெலுங்கர்களை எடுத்துக்கொண்டால், அவர்களுள் பலரின் பூர்வீகம் பச்சரிசி புழங்கிய அதே வடசர்க்கார்க் கடலோரம். இவர்கள் எல்லாரையும் அரிசி உண்போர் என்று ஒரு சொல்லில் அடக்கும் எந்த உணவு அறிவுரையும் குன்னூர்ப் பிழையின் தொடர்ச்சியே.

எடை எதை அளக்கிறது

இரண்டாவது மறுப்பு எடை பற்றியது. மெக்காரிசன் தம் பட்டியலை உலகுக்குச் சொன்ன 1936க்கு ஓராண்டு முன், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே (கல்கத்தா மெக்கேயோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது) வேறொரு எலிச் சோதனையை வெளியிட்டார். உயிர்ச்சத்தும் தாதுவும் குறையாமல் கலோரியை மட்டும் குறைத்துக் கொடுத்த எலிகள் சிறுத்தே வளர்ந்தன. வயிறாரத் தின்றவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன. இதைக் காட்டி மதராசி எலிகளே மேலானவை என்று வாதிட மாட்டேன். அவற்றுக்குச் சத்தும் குறைவாகவே கிடைத்தது. எடை கூடுவதை நலத்தின் அளவாகக் கொள்ள முடியாது என்பதற்கு மட்டும் இது போதும்.

இன்று காற்று திசை மாறிவிட்டது. எடை கூட்டிய உணவு சிறந்தது என்று அன்று சொன்னார்கள். எடை குறைக்கும் உணவு சிறந்தது என்று இன்று சொல்கிறார்கள். தராசு அதேதான். இரண்டு காலத்திலும் கோதுமையே வென்றதாக அறிவிக்கப்படுவதுதான் வேடிக்கை. 100 கிராம் அரிசியும் 100 கிராம் கோதுமை மாவும் ஏறத்தாழ 350 கலோரிதான் தருகின்றன. அரிசியில் 7–8 கிராம் புரதம், கோதுமையில் 10–11. முழு மாவில் நார்ச்சத்து கூடுதல். சப்பாத்திக்கு மாறி எடை குறைந்தவர், சப்பாத்தியை எண்ணித் தின்றதால் குறைந்தவர். சோற்றை யாரும் எண்ணிப் போடுவதில்லை.

மிதிக்கும் கால்களின் சாட்சியம்

உணவை எடையால் அளக்காமல் உழைப்பால் அளந்த மரபு ஸ்காண்டிநேவியாவில் வேரூன்றியது. அதற்குக் கருவியாக அமைந்தது நிலைச் சைக்கிள். 1939இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டென்சனும் ஹான்சனும், கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் மிதித்தவர்கள் மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் நான்கு மணி நேரம் மிதித்ததைக் கண்டார்கள். 1967இல் பெர்க்ஸ்ட்ரோம் குழு தசையிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்துக் காரணத்தைக் காட்டியது. கொழுப்பும் புரதமும் மட்டும் தின்றபோது மிதிக்க முடிந்தது 57 நிமிடம், கலப்புணவில் 114, மாவுச்சத்து உணவில் 167. தசையில் மாவுச்சத்தின் சேமிப்பாகச் சேர்ந்திருந்த கிளைகோஜனின் அளவும் அதே வரிசையில் ஏறியது.

இதற்கு மறுபக்கம் 1983இல் வந்தது. ஃபின்னி ஐந்து தேர்ந்த சைக்கிள் வீரர்களுக்கு நான்கு வாரம், நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து கொடுத்தார். மிதித்த நேரம் 147 நிமிடத்திலிருந்து 151 ஆனது, குறையவில்லை. மாவுச்சத்தை ஒதுக்கும் இன்றைய கீட்டோ உணவின் ஆதரவாளர்கள் விடாமல் காட்டும் சான்று இது. ஐந்தே பேர் என்பதும், அவர்களில் ஒருவரின் பெரும் முன்னேற்றமே சராசரியைத் தூக்கிப் பிடித்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேகத்தையோ குறுந்தூரப் பாய்ச்சலையோ அந்தச் சோதனை அளக்கவுமில்லை. 2006இல் ஹேவ்மன் குழு அளந்தது: கொழுப்புக்குப் பழகிய வீரர்கள் 100 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்தார்கள், ஆனால் நடுவில் வைத்த ஒரு கிலோமீட்டர் பாய்ச்சல்களில் அவர்களின் ஆற்றல் குறைந்தது.

தீவுக்கு இந்தக் கடைசிச் செய்தியே முக்கியம். அந்தமான் நிக்கோபார் உருவாக்கிய முன்னணிப் பெயர்கள் பெரும்பாலும் பாய்ச்சல் வீரர்களுடையவை. டெபோரா ஹெரால்ட் 500 மீட்டர் நேர ஓட்டத்தில் 2015இல் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை சென்றார். ஈசோ ஆல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் கெய்ரின் என்னும் பாய்ச்சல் பந்தயத்தில் வெள்ளி வென்றார்; மறு ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் ஆன் டெர் ஓடரில் குழுப் பாய்ச்சலில் தங்கம். டேவிட் பெக்காம் (கால்பந்து வீரரல்ல, தீவின் சைக்கிள் வீரர்) 2022 காமன்வெல்த் போட்டியில் ஓடினார். கெய்ரினில் உண்மையான பந்தயம் கடைசி 750 மீட்டர்தான். ஏற்றமில்லாத தடத்தில் தசை தரும் விசையே தீர்ப்புச் சொல்லும். மலையேறும் வீரருக்குத் தேவைப்படும் எடைக்குறைப்பு இவர்களைக் கெடுத்துவிடக்கூடும்.

நிக்கோபார்த் தட்டு

இங்கே இன்னொரு வாசிப்பையும் எதிர்கொள்ள வேண்டும். தேங்காயும் பன்றியிறைச்சியும் உண்டு வளர்ந்ததால்தான் நிக்கோபார்ப் பிள்ளைகள் வேகம், அது இயற்கையான கீட்டோ உணவு என்று சிலர் சொல்கிறார்கள். 1778இல் ஆஸ்திரியக் கப்பலோடு வந்த மருத்துவர் நிக்கோலஸ் ஃபோன்டானா எழுதிய கட்டுரையே இதை மறுக்கப் போதும். கல்கத்தாவின் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் மூன்றாம் தொகுதியில் அது அச்சேறியது 1790களின் தொடக்கத்தில். ஆகவே அதிலுள்ள விவரங்கள் எல்லாம் 1778க்கே உரியவையா, இடையில் சேர்ந்தவையும் உண்டா என்பது தீராத கேள்வி. ஆனால் தீவு பற்றிய அந்தக் கட்டுரை தலைப்பிலேயே தனியிடம் கொடுத்திருப்பது மெல்லோரி என்ற பழத்துக்கு, அதாவது தாழையினத்துப் பெரும்பழத்துக்கு. அதைப் பானையில் அவித்து, சதையைச் சுரண்டி, நாரை நீக்கிப் பிசைந்தால் கிடைப்பது மாவுச்சத்து நிறைந்த களி. அதோடு வள்ளிக்கிழங்கும் உண்டு. தேங்காயும் பன்றியும் இந்தத் தட்டின் ஓரத்தில் இருந்தவை என்று நான் சொல்லவில்லை. நடுவில் மாவுச்சத்தும் இருந்தது என்கிறேன்.

அந்தக் களியின் இடத்தை அரிசி எப்போது பிடித்தது? 2004 சுனாமி நிவாரணத்தோடு என்பது பரவலான விடை. தேங்காயைக் கொடுத்துக் கப்பல்களிடம் அரிசி வாங்கும் பண்டமாற்று அதைவிட மிகப் பழையது. நிவாரணம் வேகப்படுத்தியிருக்கும், தொடங்கிவைத்திருக்காது என்பது என் கருத்து. ஆண்டு குறித்துச் சொல்லச் சான்று போதாது. கார் நிக்கோபாரில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பழியை அரிசியின்மேல் மட்டும் போடுவதற்கும் இதே தயக்கம் எனக்கு உண்டு. அரிசி வந்தபோது சர்க்கரையும், பொட்டலத் தீனியும், உழைப்பில்லாத பொழுதும் கூடவே வந்தன.

இனி இன்றைய சைக்கிள் வீரரின் தட்டுக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்தால், விளையாட்டு ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி கிலோவுக்குக் குறைந்தது 6 கிராம் மாவுச்சத்து வேண்டும், 360 கிராம். அரிசியாக மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 460 கிராம். காலையில் அரை மணி நேரம் மிதித்துவிட்டு அலுவலகம் போகிறவர் அதே அளவு தின்றால் தொப்பைதான் மிஞ்சும். இருவருக்கும் சோற்றைக் குறை என்று ஒரே சீட்டு எழுதிக் கொடுப்பதுதான் தவறு. இனி தீவில் எடுக்கப்படும் எந்த உணவுக் கணக்கெடுப்பிலும் தானியத்துக்கு ஒரே ஒரு கட்டம் போடக்கூடாது. பச்சரிசியா புழுங்கலா, வடித்ததா பொங்கியதா, பால் எவ்வளவு, மீன் எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மிதிக்கிறார் என்று தனித்தனியே கேட்டுக் குறிக்க வேண்டும். மெக்காரிசன் விட்டுவிட்ட கட்டங்கள் இவை.